உதிரி

டிஷ்யூ தீர்ந்த அட்டைக் குழல் ஒன்று
மூன்று வாரமாய் என் கைப்பையில் கிடக்கிறது.
கிளினிக் மிஸ்ஸி சொல்லியிருந்தார்:
இதற்குள் போவதெல்லாம்
இரண்டு வயதுத் தொண்டைக்குள்ளும் போகும்.

சம்பள வாரம்.
லாபிஸ் பெரிய சாலையில் செம்பனை லோரிகள்
ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன.
அந்தப் புழுங்கிய எண்ணெய் வாடையோடேயே
கடைக்குள் ஏறினேன்.

ஆ லெங் ஏணியிலிருந்து இறக்கினாள்.
முப்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசுக்கு ஒன்று:
பேட்டரி போட்டால் ஓடும், விளக்கு எரியும்,
சீனத்தில் பாடும்.
பாட்டை மட்டும் நிறுத்தப் பொத்தான் இல்லை.

இன்னொன்று நூற்று இருபத்தெட்டு.
எஞ்சின், இரண்டு சரக்குப் பெட்டி,
பதினாறு துண்டுத் தண்டவாளம், எல்லாம் கட்டை.
என்ன கட்டை என்று கேட்டேன்.
பெட்டியின் முதுகைத் திருப்பிப் படித்தாள்: பால்மரம்.
எந்தத் தோட்டத்தில் சாய்த்ததோ,
கப்பலேறிப் போய்ச் சாயம் பூசிக்கொண்டு
சக்கரம் வைத்துத் திரும்பியிருக்கிறது.

பிரிக்கலாமா என்று கேட்டுவிட்டுக்
குழலை வெளியே எடுத்தேன்.
எஞ்சின் நுழையவில்லை. சரக்குப் பெட்டி நுழையவில்லை.
சக்கரத்தைப் பிடித்து இழுத்தேன். கழலவில்லை,
ஆ லெங்கின் முகம்தான் கொஞ்சம் கழன்றது.
காந்தத்தை நகத்தால் நெம்பினேன். அசையவில்லை.
கடைசியாய், சிவப்புத் தொப்பி வைத்த
சுண்டுவிரல் உயர ஸ்டேஷன் மாஸ்டர்.
தலைகீழாய் வழுக்கி
மறுமுனையில் என் உள்ளங்கையில் விழுந்தார்.

இவர் வேண்டாம், என்றேன்.
இவருக்கென்று விலை குறையாது, என்றாள்.
கல்லாப்பெட்டி மேல் நிற்க வைத்துவிட்டு வந்தேன்.
சில்லறையைப் பார்த்தபடி நிற்கிறார் இன்னும்.

அன்றிரவு துவாஸிலிருந்து தவசீலன்.
மாதத்தில் இரண்டு சனிக்கிழமை
நிஜ ரயிலில் வருகிறவன்.
"வட்டமா, எட்டா?"
எட்டுப் போட ஹாலில் இடமேது, வட்டம்தான்.
"அப்போ எங்கே நிற்கும்?"
உன் மகன் கால் நீட்டுகிற இடத்தில்.
சிரிக்கவில்லை. சாப்பிட்டானா என்று கேட்டான்,
நேற்றும் கேட்டதைப் போல.

யுகேந்திரனுக்கு எஞ்சின் மேல் பெரிய மரியாதை இல்லை.
காலிப் பெட்டிகள்தான் அவனை உறுத்தின.
விரலை விட்டுத் துழாவினான்,
கவிழ்த்துப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துத்
தோட்டத்திலிருந்து வந்தான் என் தம்பி குணாளன்,
கொக்கிக் கத்தியை வெளியே சாத்திவிட்டு.
பூட்ஸைக் கழற்றியதும் உருண்டன இரண்டு உதிரிப் பழம்,
நெருப்பு நிறம், நுனியில் கறுப்பு.
பெட்டிக்கு ஒன்றாய் ஏற்றிவிட்டான் பயல்.
வண்டி புறப்பட்டது.
"மில்லுக்குப் போகுதுடா!" என்று கைதட்டினான் தம்பி.
நானும்தான் தட்டினேன்,
முதல் சுற்று முடிகிற வரைக்கும்.

பிறகு ஒன்றை எடுத்துக் குழலில் போட்டேன்.
சத்தமே இல்லாமல் போயிற்று.

பிடுங்கினேன். அலறினான்.
மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.
இடுப்பில் அவனோடு, கையில் குழலோடு
அடுக்களையில் தேடினேன்:
சின்ன வெங்காயம் போனது.
பூண்டுப் பல் போனது.
கஸ்தூரி எலுமிச்சை கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.
வீட்டில் எத்தனை தொண்டைக்குள் போகிற சாமான்,
இவ்வளவு நாள் இவற்றோடுதான் குடியிருந்தேன்.

உருளைக்கிழங்கு நின்றது.

இப்போது ஓடுகிறது சரக்கு ரயில்,
முன்பெட்டியில் ஒரு கிழங்கு, பின்பெட்டி காலி.
வளைவில் சாய்கிறது, விழவில்லை.
குணாளன் வாசலுக்கு வெளியே நின்று
பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுகிறான்,
ஒருமுறை, இன்னொரு முறை,
நான் போதும் என்கிற வரை.